அக்கிக்கு லைசின் குளிசை: காத்திருக்கக் கூடாத 72 மணித்தியாலங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில், கோடாலித் தைலத்துக்கும் சொக்லேட்டுக்கும் பக்கத்தில் லைசின் குளிசைப் போத்தல் ஒன்றை அண்மையில் கண்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலப்பக்க விலாவில் அக்கி போட்டதைக் கேள்விப்பட்டு, கனடாவிலிருக்கும் மகள் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். போத்தல் கைக்குக் கிடைத்தபோது கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. எரிவு மட்டும் போகவில்லை. சட்டை உரசினாலே துடித்துப்போகிறார்.

அக்கி புதிதாக வந்து தொற்றும் நோயல்ல. சின்ன வயதிலோ பிறகோ கொப்புளிப்பான் வந்தவர்களின் உடலில் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். முதுமை, நீரிழிவு, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போது மீண்டும் எழும். 2009இல் மெனிக் பாம் முகாம்களில் கொப்புளிப்பான் பரவியது பலருக்கு நினைவிருக்கும். அன்று அது வந்தவர்களும் இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

லைசின் என்பது அமினோ அமிலம். பருப்பு, மீன், முட்டை, பாலில் தாராளமாக உண்டு. ஹேர்பிஸ் குடும்ப வைரஸ்கள் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தேவை. லைசின் அதோடு போட்டியிடும் என்பதால் வைரஸ் பட்டினி கிடக்கும் என்பதே வாதம். ஆய்வுகூடக் கலங்களில் ஆர்ஜினினைக் குறைத்தால் வைரஸ் தளர்வது உண்மைதான். ஆனால் மனித உடல் ஆர்ஜினினைத் தானே தயாரிக்கிறது. உதட்டுக் கொப்புளத்தைத் தடுக்கும் வழிகளை 2015இல் ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு, லைசின் அதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று காணவில்லை. அக்கிக்கோ, நம்பத்தக்க ஆய்வு ஆதாரமே இல்லை.

பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து அசைக்ளோவிர். வழக்கமாக 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள். கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். வவுனியாப் பக்கம் அந்த நோயாளர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்கிறேன். பாமசியில் தாங்களாகவே வாங்கிக் குடிக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் காசு தேவையில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அக்கியில் பெரும்பாலும் முதலில் வருவது வலி; கொப்புளம் சில நாள் கழித்தே தெரியும். உடம்பில் செல் துண்டோடு வாழும் ஒருவர் அதைப் பழைய காயத்தின் நோவென்று நினைத்து, பனடோலோடு நாளைக் கடத்திவிடக்கூடும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி கட்டியதுபோல எரிவு தொடங்கினால் தோலைத் தினமும் பாருங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றே போகவேண்டும். கண்பார்வைக்கே ஆபத்து.

அந்த அம்மாவுக்கு இப்போதிருப்பது அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி. அமிட்ரிப்டிலின், கபாபென்ரின் போன்ற மருந்துகளை வைத்தியர்கள் இதற்குக் கொடுப்பார்கள். "இதுக்கும் மருந்து இருக்கோ?" என்று கேட்டார். கிளினிக் நாள் எதுவென்று பக்கத்து வீட்டுப் பிள்ளை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.