ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில் அறவலிமையும் பாத்திர மாற்றமும்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

கொங்கு வட்டார நாவல்களின் முன்னோடியாகக் கருதப்படும் 'நாகம்மாள்' (1942) நாவலில் நாகம்மாள், சின்னப்பன் ஆகிய இரு பாத்திரங்களின் அறவலிமையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சின்னப்பனை மாறாத நல்லவனாகவும் நாகம்மாளை நெறி பிறழ்ந்தவளாகவும் கொள்ளும் வாசிப்பு போதுமானதன்று என்பதும், அவளது மாற்றத்தை அக்காலச் சொத்துரிமைச் சூழலோடு இணைத்தே மதிப்பிட வேண்டும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாகம்மாள், கொங்கு நாவல், அறவலிமை, பாத்திர மாற்றம், கைம்பெண், நிலவுரிமை.

முன்னுரை

தாராபுரத்தை அடுத்த கீரனூரைச் சேர்ந்தவர் ஆர். சண்முகசுந்தரம் (1917–1977). கு.ப.ரா.வின் முன்னுரையோடு வெளிவந்த 'நாகம்மாள்', உழவர் வாழ்வை அம்மக்களின் பேச்சுமொழியிலேயே உரையாடலாக்கியது. தாராபுரம் முதல் காவிரிக்கரையிலுள்ள பவானி, குமாரபாளையம் வரை விரியும் கொங்குச் சமவெளியில் மானாவாரி நிலம் 'காடு' எனவும், கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்' எனவும் வழங்கப்படும். மழையையும் கிணற்று நீரையும் நம்பிய இந்நிலப்பகுதியில் காணி என்பது வருவாய்க்கான வழி மட்டுமன்று. ஊரில் ஒருவருக்குரிய இடத்தை உறுதிசெய்வதும் அதுவே. நாவலின் அறச்சிக்கல் இதிலிருந்து எழுகிறது.

சின்னப்பன்: மாறாத நன்மை

சின்னப்பன் உழைப்பாளி. இறந்த அண்ணனின் மனைவி நாகம்மாளையும் அவள் மகள் முத்தாயியையும் தன் குடும்பத்திலேயே வைத்துக் காக்கிறான். அவன் மனைவி ராமாயி மென்மையானவள். வீட்டில் பிணக்கு நேராமல் ஒதுங்கிப் போகும் இயல்பினள். இருவரும் காட்டும் பொறுமை மெய்யானது.

எனினும் சின்னப்பனின் அறம் குடும்ப வழக்கம் வகுத்த எல்லைக்குள் நிற்பதாகும். அண்ணியைப் பாதுகாப்பது தன் கடமை என அவன் அறிவான். அவளுக்கு உரிமை உண்டு என்பதை ஏற்க அவனால் இயலவில்லை. கடமையாகத் தரும்போது கொடுப்பவன் உயர்ந்து நிற்கிறான். உரிமையாகக் கேட்கும்போது இருவரும் சமமாகின்றனர். அந்தச் சமநிலைக்கு அவன் அணியமாக இல்லை. தொடக்கம் முதல் இறுதி வரை அவன் மாறாதிருப்பதே அவனது வலிமை. அதுவே அவனது குறையும் ஆகும்.

நாகம்மாள்: உரிமை வேட்கையும் மாற்றமும்

நாகம்மாள் தொடக்கத்திலேயே தன்மதிப்பு மிக்கவளாக அறிமுகமாகிறாள். கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த அடக்கத்தை அவள் ஏற்பதில்லை. ஊர் அஞ்சும் கெட்டியப்பனோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. ஊர் மணியக்காரரும் தம் நோக்கத்திற்காக அவளைத் தூண்டுகிறார். கணவனுக்குரிய பங்கைப் பிரித்துத் தருமாறு அவள் கேட்கிறாள். சின்னப்பன் இணங்காத நிலையில் பகை முற்றி, அவன் கெட்டியப்பனால் கொல்லப்படுகிறான்.

இம்மாற்றத்தை ஒழுக்க வீழ்ச்சி என்று மட்டும் கூறுவதற்கு அக்காலச் சட்டநிலை இடந்தருவதில்லை. மிதாட்சர மரபில், பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவன் ஆண்மகவின்றி இறந்தால் அவன் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேரும். மனைவிக்குச் சீவனாம்சம் மட்டுமே உண்டு. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் வாழ்நாள் அளவிலான உரிமையை அளித்தது. ஆனால் அச்சட்டம் மாகாணங்களின் வேளாண் நிலத்திற்குப் பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் அது வேளாண் நிலத்திற்கு நீட்டிக்கப்பட்டது 1947இல்தான்.

ஆகவே நாவல் வெளிவந்த 1942இல், ஒரே மகளைக் கொண்ட உழவர் குலக் கைம்பெண் நிலத்தில் பங்கு கேட்டபோது வழக்கமும் சட்டமும் அவளுக்குத் துணைநிற்கவில்லை. நியாயமான வேட்கைக்கு நேர்வழி அடைபட்டிருந்த நிலையில், அவள் பற்றிய துணைகள் கெட்டியப்பனின் முரட்டு வலிமையும் மணியக்காரரின் சூழ்ச்சியும் ஆகும். அவள் கேட்டது நிலம். அவர்கள் நடத்தியது பகை. கோரிக்கை அவளுடையதாக இருந்தும் அதன் போக்கு அவள் கையைவிட்டுச் சென்றது. நாகம்மாளின் வீழ்ச்சி கோரிக்கையில் இல்லை, அதை ஒப்படைத்த இடத்தில் உள்ளது. அந்தத் தேர்வுக்கான பொறுப்பிலிருந்து அவளை முற்றிலும் விடுவிக்க இயலாது. அப்பொறுப்பை அவள்மேல் மட்டுமே சுமத்துவதும் முறையன்று.

பிற நாவல்களுடன் ஒப்பீடு

பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' நாவலில் முத்துஸ்வாமி ஐயர் ஐயத்தாலும் இழப்பாலும் நிலைகுலைந்து, பின்னர் ஞான வழியில் தெளிவு பெறுகிறார். துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்னும் நம்பிக்கை அங்கு செயற்படுகிறது. 'நாகம்மாள்' அத்தகைய மீட்பை வழங்குவதில்லை. கொலையோடு கதை முடிகிறது. தீர்ப்பு வாசகரிடம் விடப்படுகிறது.

குமாரபாளையத்தை அடுத்த திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) வேறொரு வகையில் நெருங்கி வருகிறது. பொன்னாவின் துயரம் குழந்தையின்மை. அதனுள்ளும் வாரிசற்ற நிலம் யாரைச் சேரும் என்னும் கேள்வி அடங்கியுள்ளது. கணவன் காளி இசைந்துவிட்டதாக அண்ணன் முத்து கூறும் பொய்யை நம்பியே அவள் திருவிழாவுக்குச் செல்கிறாள். இரு நாவல்களிலும் பெண்ணின் முடிவு பிறரின் நோக்கங்களுக்குக் கருவியாகிறது. ஆயினும் பொன்னா அறியாது ஏமாற்றப்படுகிறாள். நாகம்மாள் கெட்டியப்பன் எத்தகையவன் என்பதை அறிந்தே அவனைச் சார்கிறாள். ஆதலால் நாகம்மாளின் அறப்பொறுப்பு மிகுதியானது. அவளது பாத்திரம் கூடுதல் சிக்கலுடையது.

முடிவுரை

சின்னப்பனிடம் அன்பு உண்டு. உரிமையை ஏற்கும் நீதி இல்லை. நாகம்மாளிடம் உரிமையுணர்வு உண்டு. அதற்குத் தகுந்த வழி இல்லை. இருவர் வலிமையும் முழுமையற்றவை என்பதாலேயே பேரழிவு நிகழ்கிறது. பங்கு கேட்டவுடன் அமர்ந்து பேசும் மனநிலை அக்குடும்பத்தில் இருந்திருப்பின், கெட்டியப்பனுக்கும் மணியக்காரருக்கும் அங்கு இடம் இருந்திராது. பாத்திரங்களை நல்லவர், தீயவர் எனப் பகுக்கும் முறையைவிட, அவர்களுக்குத் திறந்திருந்த வழிகளையும் அடைபட்டிருந்த வழிகளையும் கணக்கிடும் முறையே இந்நாவலுக்குப் பொருந்தும். வட்டார நாவல்களில் பெண்ணும் நிலமும் குறித்து இனி நிகழும் ஆய்வுகளுக்கும் இம்முறை பயன்படும்.