மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ்: இந்தக் கணக்கை யார் சரிபார்ப்பது?

மைசூருவின் கே.ஆர். மருத்துவமனையை உள்ளூரில் 'தொட்டாஸ்பத்ரே' என்பார்கள். நம்ம ஊர் 'பெரியாஸ்பத்திரி' மாதிரிதான். மைசூரு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு மருத்துவமனை. 1,000 படுக்கைகளுக்கு மேல் உண்டு. மண்டியா, சாமராஜநகர், குடகு பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இவ்வளவு பெரிய இடத்துக்கு எத்தனை நர்ஸ்கள் வேண்டும்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை எளிமையானது. கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர். லீவு, வார விடுமுறையை ஈடுகட்ட 30% பேர் கூடுதலாக.

சிக்கல் எங்கே என்றால், அந்த 'ஒருவர்' ஒரு ஷிஃப்டுக்கா, நாள் முழுவதுக்குமா?

1,000 பொதுப் படுக்கைகள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷிஃப்டுக்கு என்று படித்தால் ஒரு ஷிஃப்டுக்கு 334 பேர். மூன்று ஷிஃப்ட், லீவு இருப்பு எல்லாம் சேர்த்தால் சுமார் 1,300 நர்ஸ்கள். மொத்தத்துக்கும் என்று படித்தால் வெறும் 430 சொச்சம். இதில் லீவு இருப்பைக் கழித்து மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால், ஒரு நர்ஸுக்கு 9 நோயாளிகள். காகிதத்தில் இரண்டுமே '1:3' தான்!

இது வெறும் நிர்வாகத் தகராறு இல்லை. லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% அதிகமாக இருந்தது.

நர்ஸ் கிடைக்கவில்லையா என்று கேட்டால், அதுவும் சரியான பதில் இல்லை. நாட்டிலேயே நர்சிங் கல்லூரிகள் அதிகமுள்ள மாநிலங்களில் கர்நாடகாவும் ஒன்று. கேரளாவிலிருந்து வந்து படிப்பவர்களே ஏராளம். படித்தவர்கள் இருக்கிறார்கள், பணியிடங்கள்தான் குறைவு.

சங்கம் வந்தால் என்ன மாறும்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நர்ஸ் விகிதத்தை முதலில் கொண்டுவந்தது சட்டம் அல்ல, சங்கம். 2000-ல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள், 2015-ல்தான் அது சட்டமானது. கலிஃபோர்னியாவில் சங்கம் போராடி 1999-ல் சட்டம் வந்தது. விகிதம் மீறப்பட்டால் புகார் சொல்ல வார்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் முக்கியம்.

இங்கே சங்கங்களின் சக்தி பெரும்பாலும் சம்பளத்திலேயே செலவாகிறது. கேரளாவில் 2011-ல் உருவான யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைகளுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையைப் பெற்றது. தமிழ்நாட்டில் 2015-ல் எம்ஆர்பி தேர்வு எழுதி 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வேலையே நிரந்தரமில்லாதவர், 'என் வார்டில் ஆள் பத்தலை' என்று மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வார்?

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு. மருத்துவமனையும் 'தொழில்'தான் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில். அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் தனியார் நர்ஸ்கள் தொழிலாளர் நீதிமன்றப் படியேற முடிந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, முழுமையாகவோ கணிசமாகவோ அறப்பணி, சமூகப் பணி செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. நம் நாட்டில் அறக்கட்டளைகளும் மிஷன்களும் நடத்தும் மருத்துவமனைகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். கட்டணம் வாங்கும் ஒரு டிரஸ்ட் மருத்துவமனை இந்த விலக்குக்குள் வருமா என்பது, இனி ஒவ்வொரு வழக்காகத்தான் முடிவாகும்.