பணியாளருக்கு அதிகாரமளித்தல்: நும்மி கார் ஆலையின் அனுபவம்

பணியாளருக்கு அதிகாரமளித்தல் என்பது, ஒரு வேலையைச் செய்பவருக்கே அந்த வேலை குறித்து முடிவெடுக்கும் உரிமையை மேலாளர் வழங்குவதாகும். இதுவும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும் ஒன்றல்ல. "இந்தப் புகார்க் கடிதங்களுக்கு இன்றே பதில் தயார் செய்து என்னிடம் காட்டுங்கள்" என்றால் அது வேலையைக் கொடுப்பது. "ஆயிரம் ரூபாய் வரை திருப்பித் தரவேண்டிய புகார்களை நீங்களே முடித்துவிடுங்கள், என்னிடம் கேட்கவேண்டியதில்லை" என்றால் அது அதிகாரத்தைக் கொடுப்பது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, பாராட்டுரைகளையும் ஊக்கப் பேச்சுகளையுமே அதிகாரமளித்தல் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் ஏராளம்.

நடைமுறையில் இது எப்படி நிகழ்கிறது என்பதை அறிய, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த கார் ஆலை நல்ல எடுத்துக்காட்டு.

ஒரே ஆலை, அதே தொழிலாளர்கள்

ஃப்ரீமான்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களில் இருந்து நடத்திவந்தது. நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஓயாத சண்டை. நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. 1982இல் ஆலை மூடப்பட்டது.

ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1984இல் அதே ஆலையைத் திறந்தன. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங் என்ற அதன் பெயர் சுருக்கமாக 'நும்மி' என வழங்கியது. நிர்வாகம் டொயோட்டாவின் பொறுப்பில் இருந்தது. முதலில் சேர்க்கப்பட்ட தொழிலாளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், மூடப்பட்ட ஆலையில் வேலை இழந்தவர்களே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. ஆயினும் வேலைக்கு வராதோர் அளவு 3 அல்லது 4 விழுக்காடாகக் குறைந்தது. 1986ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தித்திறனில் இந்த ஆலை ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை முந்தியிருந்தது.

'தொழிலாளர்கள் சரியில்லை' என்பதே பழைய நிர்வாகம் சொல்லிவந்த காரணம். அதே மனிதர்கள் இரண்டே ஆண்டுகளில் இப்படி வேலை செய்தபின் அந்தக் காரணம் எடுபடவில்லை.

லைனை நிறுத்தும் கயிறு

பழைய ஆலையில் அசெம்பிளி லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது. ஒரு திருகாணி பொருந்தாவிட்டாலும் கார் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். கடைசியில் வெளியே நிறுத்தி, பிரித்துச் சரிசெய்வார்கள். குறையை முதலில் கண்டவர் வாய் திறக்க வழியில்லை.

நும்மியில் லைன் நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும், யாரையும் கேட்காமல், அதை இழுக்கலாம். இழுத்தவுடன் இசை ஒலிக்கும். மேலே உள்ள பலகையில் அவருடைய இடத்தின் எண் ஒளிரும். குழுத் தலைவர் உடனே ஓடி வருவார். கார் அந்த இடத்தின் எல்லையைக் கடப்பதற்குள் சிக்கல் தீர்ந்தால் மீண்டும் கயிற்றை இழுக்க, லைன் தொடர்ந்து ஓடும். தீராவிட்டால் லைன் நிற்கும். இந்த விளக்குப் பலகைக்கு 'ஆண்டான்' என்று பெயர். தமிழில் நாம் சொல்லும் ஆண்டான் வேறு, இது வேறு! ஜப்பானிய மொழியில் இது காகித விளக்கைக் குறிக்கும் சொல். குறை கண்ட இடத்திலேயே வேலையை நிறுத்தும் எண்ணம் டொயோட்டாவுக்குப் புதிதல்ல. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும்.

இதில் கயிற்றைவிட முக்கியம், அதை இழுத்தபின் நடப்பது. ஓடி வருபவர் "யார் இழுத்தது? ஏன் இழுத்தாய்?" என்று அதட்டினால், மறுநாள் ஒருவரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும். நும்மியில் குழுத் தலைவரின் முதல் வேலை உதவி செய்வது. ஒரு குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் வரையே இருந்ததால் அவரால் உடனே வரவும் முடிந்தது. ஐம்பது பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராயினும் இது நடவாது.

உரிமைக்கு முன் பயிற்சி

நூற்றுக்கணக்கான தொழிலாளர்களும் குழுத் தலைவர்களும் ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலைக்கு அனுப்பப்பட்டுப் பல வாரங்கள் பயிற்சி பெற்றனர். பல டஜன் பணிப் பிரிவுகள் ஒரு சிலவாகக் குறைக்கப்பட்டு, குழுவில் ஒருவர் மற்றவரின் வேலையையும் கற்றார். அதிகாரிகளுக்கெனத் தனி உணவகமோ தனி வண்டி நிறுத்துமிடமோ கிடையாது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மேசையில் சாப்பிடுபவரிடம் குறையைச் சொல்வது எளிது.

வேலையை வகுக்கும் பொறுப்பும் கை மாறியது. முன்பு பொறியாளர் கடிகாரத்துடன் நின்று, 'இதற்கு இத்தனை நொடி' என்று எழுதித் தருவார். நும்மியில் குழு உறுப்பினர்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு தம் வேலையின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, நல்ல முறையைத் தேர்ந்து எழுதினர். எழுதிய முறையை எல்லாரும் பின்பற்ற வேண்டும். மாற்ற விரும்பினால் காரணம் காட்டி மாற்றலாம். அதிகாரமளித்தல் என்றால் அவரவர் விருப்பப்படி வேலை செய்வது என்று நினைப்போர் கவனிக்கவேண்டிய இடம் இது. நும்மியில் விதிகள் மிகக் கடுமையானவை. அவற்றை எழுதியவர்கள்தாம் வேறு.

வேலை போய்விடுமோ என்ற அச்சம்

மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்யலாம் என்று ஒரு தொழிலாளி கண்டுபிடித்தால், மூன்றாமவர் கதி என்ன? இந்த அச்சம் இருக்கும்வரை எவரும் யோசனை சொல்லமாட்டார். நும்மியின் தொழிற்சங்க ஒப்பந்தம் இதற்கு விடை தந்தது: நிறுவனத்தின் நிலை மிக மோசமானால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அதற்கு முன் அதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும். 1988இல் கார் விற்பனை சரிந்து உற்பத்தி பெரிதும் குறைந்தபோது இந்த வாக்கு சோதனைக்கு உள்ளானது. அப்போதும் ஒருவரும் நீக்கப்படவில்லை. வேலையில்லாத நேரத்தில் தொழிலாளர்கள் பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டனர்.

குறைகள்

இம்முறையைக் கண்டித்தோரும் உண்டு. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ முழு நிமிடமும் கை ஓயாமல் உழைக்க வேண்டியிருந்தது என்றும், குழுவில் ஒருவர் விடுப்பு எடுத்தால் சுமை மற்றவர் தலையில் விழுந்ததால் சக தொழிலாளியே கண்காணிப்பாளர் ஆனார் என்றும் அவர்கள் கூறினர். இக்கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலும், ஆலையை நடத்துவதா வேண்டாமா என்ற முடிவில் தொழிலாளருக்குப் பங்கு இல்லை. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரலில் நும்மி மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்தை டெஸ்லா வாங்கியது.

பிற ஆலைகளில்

நும்மியைப் பார்த்து, கலிஃபோர்னியாவிலேயே இருந்த தன் வேன் நைஸ் ஆலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் குழு முறையைக் கொண்டுவந்தது. அங்கு அது வேரூன்றவில்லை. மாற்றம் தொழிலாளரிடம் மட்டுமே எதிர்பார்க்கப்பட்டது. மேலாளரோ வழக்கம்போல், எத்தனை கார்கள் வெளியே வந்தன என்ற எண்ணிக்கையாலேயே மதிப்பிடப்பட்டார். அப்படி மதிப்பிடப்படுபவருக்கு லைன் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டக் கணக்குதான். வேன் நைஸ் ஆலை 1992இல் மூடப்பட்டது.