சந்தனத்தில் ஸ்பைக் நோய்: மலைவாழ் மக்களின் கண்தான் முதல் காவல்

உங்கள் சந்தன மரத்தில் ஒரு கிளையின் இலைகள் மட்டும் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, முள் போல விறைத்து நிற்கின்றனவா? நுண்ணூட்டக் குறை என்று உரம் தெளித்துக் காத்திருக்காதீர்கள். ஸ்பைக் நோயாக இருக்கலாம்.

கத்தரியில் சிற்றிலை நோயும் எள்ளில் பூவிலை நோயும் நீங்கள் அறிந்தவையே. அவற்றைப் போலவே இதற்கும் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி, பரப்புவது தத்துப்பூச்சி. 1899-ல் குடகில் பதிவான இந்நோய், கேரளத்தின் மறையூர் வரை பரவியது. தாக்கிய மரம் காய்ப்பதை நிறுத்தி, இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும். டெட்ராசைக்ளின் ஊசி சில மாதங்கள் அறிகுறியை மறைக்கும், அவ்வளவுதான். காடு முழுக்க மருந்தடிக்கவும் முடியாது.

எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதே வழி. ஜவ்வாது மலையில் அதற்கு யார் இருக்கிறார்கள்? கடுக்காயும் ஆவாரம்பட்டையும் சேகரித்து ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்குக் கொடுத்துவந்த மலையாளி பழங்குடியினர்தான். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சந்தனம் முழுதும் அரசுடைமையாக இருந்த காலத்தில், மரத்தருகே நின்றாலே திருடன் என்ற சந்தேகம். அப்படியிருக்க, நோயைப் பார்த்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

2006 வன உரிமைச் சட்டம், சமூக வனத்தைப் பாதுகாக்கவும் மீட்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. விரிவாக்கப் பணியாளர்களே, அந்தச் சபையில் நோயுற்ற கிளையின் படத்தைக் காட்டுங்கள். சூரை, விராலிச் செடிகளிலும் இதே போன்ற சிற்றிலை வரும், அதையும் சொல்லுங்கள்.

காட்டை மீட்க முட்புதரை வெட்டித் துப்புரவாக்க வேண்டாம். பறவைகள் போடும் சந்தன விதை புதர் நிழலில்தான் முளைத்து, ஆடு மாடு வாய்க்குத் தப்பும். பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டி உணவும் எடுக்கும். நோயுற்ற மரத்தை வேரோடு அகற்றுவது அவசியம். வேரிலிருந்து வரும் பக்கக்கன்றிலும் நோய் இருக்கும்.

அடிவாரத்தில் பட்டா நிலத்தில் சந்தனம் வைத்திருப்பவர்களுக்கு: 2002 சட்டத் திருத்தத்துக்குப் பின் மரம் உங்களுடையதே. ஆனாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், பட்ட மரமானாலும்கூட. சந்தேகம் வந்த அன்றே கிளையைப் படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். புதுக்கன்று வாங்கும்போது தாய்மரம் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லாத நாற்றங்காலில் வாங்காதீர்கள். பையிலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ துணைச்செடியாக வளர்ந்த கன்றுதான் நடவில் பிழைக்கும்.