வெயிலில் வெளிறும் முகங்கள்: பிள்ளைகளின் படங்களைக் காப்பது எப்படி?

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் எனது சிறிய ஸ்ரூடியோவுக்கு ஒரே மாதிரியான வேலைதான் அதிகம் வந்தது. அடையாள அட்டை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, லமினேற் பண்ணிக் கொடுக்க வேண்டும். காலையில் தந்தால் மத்தியானம் வேண்டும். நானும் மலிவான மையில் அடித்து, சூட்டோடு சூடாக லமினேற் பண்ணிக் கொடுத்தேன்.

ஐந்து மாதத்தில் ஒரு அம்மா திரும்பி வந்தார். படத்தில் தோலின் நிறம் போய், பச்சை பாரித்த ஒரு நிழல்தான் மிஞ்சியிருந்தது.

“தம்பி, பிள்ளையின்ர முகம் போட்டுது. இனி நான் எதைக் காட்டுவன்?”

மூலப்படம் எங்கே என்று கேட்டேன். அதையும் லமினேற் பண்ணி அதே பந்தலில்தான் கட்டியிருந்தாராம். 2009 இல் உடுத்த துணியோடு வெளியேறியபோதும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரேயொரு படம் அது. பிழை என்னுடையது. மூலப்படத்தை வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூலப்படம்

அடையாள அட்டை அளவுப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகம் சிதையாது. அல்பத்திலோ சட்டத்தின் கண்ணாடியிலோ ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். படலம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல், ஃபோனை நேராகப் பிடித்துப் படமெடுங்கள்.

மூலப்படத்தை ஒருபோதும் லமினேற் பண்ணக் கூடாது. வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ஸ்கான் செய்த பிரதியை ஒரு பென்ட்ரைவில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருப்பது எப்படி அழியும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மையும் கடதாசியும்

இன்க்ஜெட் பிறின்ரர்களில் இரண்டு வகை மை உண்டு. ஒன்று சாய மை. தேநீரில் சீனி போலத் திரவத்தில் கரைந்திருக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் மூலக்கூறுகளை விரைவாக உடைத்துவிடும். ஈரம் பட்டால் கசியும். மற்றது நிறமி மை. இதில் நிறம் மிக நுண்ணிய திண்மத் துகள்களாக இருக்கிறது. வெளிப்பக்கத் துகள் சிதைந்தாலும் உள்ளே நிறம் மிஞ்சும். ஆகவே ஸ்ரூடியோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது நிறமி மையா?” என்பதுதான்.

சாதாரண அலுவலக பிறின்ரர்கள் சிலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி மையாகவும் மற்ற நிறங்கள் சாய மையாகவும் இருக்கும். அதில் பளபளப்பான ஃபோட்டோ கடதாசியைத் தெரிவுசெய்தால், இயந்திரம் பெரும்பாலும் அந்தக் கறுப்பைப் பாவிக்காமல் நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். மற் கடதாசியில், கறுப்பு மையை மட்டும் பாவிக்கும்படி தெரிவுசெய்து அடித்தால், படம் வெயிலில் கூடிய காலம் நிற்கும். கறுப்பு நிறமிக்கு அடிப்படை கரி; கரி இலகுவில் வெளிறாது.

வெறும் கடதாசியில் மை நார் வழியே ஊர்ந்து பரவும். அதனால் முகத்தின் கோடுகள் மங்கும். ஃபோட்டோ கடதாசியின் ஒரு பக்கத்தில் மையைப் பிடித்து வைக்கும் நுண்ணிய பூச்சு இருக்கிறது. பூச்சுள்ள பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை விரலால் தொடக் கூடாது, வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. துணிக்கும் இதே விதிதான். இன்க்ஜெட்டுக்கென்று பூச்சுப் பூசிய கன்வஸ் வாங்க வேண்டும். சாதாரணத் துணியில் அடித்தால் மை ஊறிப் பரவும்.

காய்தல், மூடுதல், ஒட்டுதல்

நான் விட்ட அடுத்த பிழை அவசரம். அடித்த படம் தொட்டால் ஒட்டாவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். தூசி படாத இடத்தில் 24 மணித்தியாலம் விட்ட பிறகே லமினேற் பண்ண வேண்டும். சுற்றிவர 3 மில்லிமீற்றராவது பிளாஸ்ரிக் ஓரம் விடுங்கள். ஓரத்தைப் படத்தோடு ஒட்ட வெட்டினால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரண லமினேற் தண்ணீரையும் காற்றையும் மறிக்கும், வெயிலை மறிக்காது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் கிடைத்தால் நல்லது. அதுவும் வெளிறலைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது.

படத்தைப் பலகையில் நேரடியாக ஒட்டாதீர்கள். மரத்திலிருந்து கசியும் அமிலம் கடதாசியைப் பழுப்பாக்கும். இடையில் ஒரு பிளாஸ்ரிக் அட்டை வையுங்கள். வீட்டில் கண்ணாடிச் சட்டம் போடுவதானால் படம் கண்ணாடியில் முட்டாதபடி ஓரத்தில் அட்டை கொடுத்து, யன்னல் வெளிச்சம் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள்.

ஒன்று தெருவுக்கு, ஒன்று வீட்டுக்கு

தெருவில் நிற்கும் படம் எப்படியும் வெளிறும். அது தேய்வதற்கென்றே போகிறது. ஆகவே இரண்டு பிரதி அடியுங்கள். ஒன்றைப் போராட்டத்துக்குக் கொண்டுபோங்கள், பிடிக்காத நேரத்தில் துணியால் மூடி வையுங்கள், வெளிறினால் மாற்றுங்கள். மற்றதை மூலப்படத்தோடு கடித உறையில் போட்டு, ஈரமும் தகரக் கூரையின் வெக்கையும் படாத இடத்தில் வையுங்கள். பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், நாள் ஆகியவற்றை உறையில் எழுதிய பிறகே படத்தை உள்ளே வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் முன்பக்கம் பொங்கும்.

அந்த அம்மாவின் வெளிறிய மூலப்படத்தை ஸ்கான் செய்து, கொம்பியூட்டரில் பல மணித்தியாலம் இருந்து, கண்ணையும் நெற்றியையும் ஓரளவுக்கு மீட்டேன். உதட்டின் ஓரம் கடைசிவரை தெளியவில்லை. இல்லாததை நானாக வரைந்து வைக்க மனம் வரவில்லை. அப்படியே கறுப்பு வெள்ளையில் அடித்துக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இவன்தான்” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரேயொரு படம்தான் இருக்கிறதென்றால், இந்தக் கிழமையே அதைப் பிரதி எடுத்துவிடுங்கள்.