யார் சொன்னது?

கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2004 ஜனவரியில் தொடங்கியபோது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் அதில் சேர முடியும். அந்த விதி பிறகு தளர்ந்தது. ஆனால் தெரிந்தவரைப் பிடித்துத் தெரிந்தவரிடம் போகும் பழக்கம் தொடர்ந்தது. நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, பள்ளித் தோழர்களின் பெயரைத் தேடுவார்கள். ஆள் கிடைத்தால் உடனே ஒரு ஸ்க்ராப்: "டேய், நீ பத்தாவது பி செக்‌ஷன்தானே?" பதிலைப் பார்க்க மறுபடியும் சென்டருக்குத்தான் போக வேண்டும். நண்பனைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுத 'டெஸ்டிமோனியல்' இருந்தது. அவன் சம்மதித்த பிறகுதான் அது அவன் பக்கத்தில் ஏறும். எழுதியவரின் பெயரும் படமும் கூடவே நிற்கும்.

2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. அதற்கு முன்பே கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்திருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் இவை வீட்டில் எல்லார் கைக்கும் வந்தன. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பாட்டி, வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார். ஒரு காலத்தில் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஊருக்கே ஆபத்து வந்தபோதும் இவை கைகொடுத்தன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாரிடம் படகு இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற தகவல்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடின. போன் நம்பரோடு வந்த தகவலைக் கூப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. ஆனால் அதே நாட்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் வாட்ஸ்அப்பில் பரவியது. முதலில் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பண்ணையே மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பொய் பீதியோடு போயிற்று. 2018-இல் பரவிய பொய் உயிரைக் குடித்தது. பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வட மாவட்டங்களில் வீடியோக்கள் பரவியிருந்த அந்த மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டம் கூடி அடித்ததில் குடும்பத்து மூதாட்டி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆர்குட் நாட்களில் ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆளோடு வந்தது. இன்று குடும்பக் குழுவில் காலை வணக்கப் படத்துக்கு அடுத்தபடி வந்து விழும் வைத்தியக் குறிப்பை அனுப்பியவர் சித்தப்பா, எழுதியவர் யாரோ. சித்தப்பா மேல் உள்ள மரியாதை அந்த யாரோ ஒருவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரீல்ஸில் நிலைமை இன்னும் மோசம். எது நம்மை அதிக நேரம் நிறுத்தி வைக்கும் என்று நிரல் கணக்குப் போட்டு, அடுத்தடுத்து முன்பின் தெரியாதவர்களையே காட்டிக்கொண்டிருக்கிறது. தேடிப் போய் நண்பனைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள், நண்பன் என்ன போட்டான் என்று தெரியாமலே ஒரு மணி நேரம் பார்த்து முடிக்கிறார்கள்.

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பேரன் முகத்தைப் பாட்டியிடமிருந்து பறிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் எந்த வதந்தியைக் கேட்டாலும் முதலில் "யார் சொன்னது?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் குழுவில் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பதில் கிடைக்காத செய்தி நம் கையோடு நிற்கட்டும். அத்திமூரில் ஒருவர் நிதானித்து அதைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்.