“இறங்கித் தள்ளுங்க சார்!”
பெரிய பேட்டரியால் பஸ்சுக்கு ஆபத்து

ரெட்டியார்சத்திரம்—

திண்டுக்கல்-பழனி ரோட்டில் காலையில் பஸ் கிளம்ப மறுத்தால் ஆபீசுக்கும் கடைக்கும் லேட்டுதான். “பெரிய பேட்டரியா போட்டா சரியாப்போயிடும்” என்பார்கள். அது ஆபத்தான வேலை!

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். அந்த இழுவைக்காகவே பல பஸ்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைக் கோர்த்து 24 வோல்ட் கொடுக்கிறார்கள்.

பெட்டிக்கு மீறிய பேட்டரியை இறுக்கிக் கட்ட முடியாது. குலுங்கிக் குலுங்கி உள்ளே தகடு உதிரும். முனை இரும்பு மூடியில் இடித்தால் குபீர் தீ!

அளவான பேட்டரிதான் சரி. ஒன்று செத்தாலும் ஜோடியாக மாற்றணும். பழசு புதுசையும் கெடுக்கும். கழற்றும்போது எர்த் ஒயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

முனையில் பூத்த உப்பைச் சுரண்டினாலே சில வண்டி கிளம்பிவிடும். அதை முதலில் பாருங்கப்பா!